ஹொரர் கேம் ஏன் பயமாக இல்லை? ஒரு நாற்சார் வீட்டை வைத்துப் பதில்

கேட்ட கேள்வி இது: யாழ்ப்பாணத்தில் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து, யுனிட்டி என்ற கேம் செய்யும் மென்பொருளில் ஒரு ஹொரர் கேம் செய்கிறீர்கள். குடியில்லாத பழைய நாற்சார் வீடு, இரவு, கையில் ரோச் லைட், உள்ளே ஒரு வெள்ளை உரு. ஒன்பது இடத்தில் அது திடீரென்று முகத்துக்கு நேரே வந்து கத்துகிறது. விளையாடிப் பார்த்தவர்கள் முதல் தடவை துள்ளினார்கள், மூன்றாம் தடவை சிரித்தார்கள். உண்மையாகவே பயப்பிட வைக்க என்ன செய்ய வேண்டும், கிராபிக்ஸ் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிராபிக்ஸில் பிழையில்லை. நீங்கள் வெருட்டுகிறீர்கள், பயப்பிட வைக்கவில்லை. எங்கள் பேச்சிலேயே இவை இரண்டு சொல். கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று கத்தினால் சின்னப்பிள்ளை வெருளும். அது உடம்பின் வேலை. பெரிய சத்தம் கேட்ட உடனே, ஒரு செக்கனின் பத்திலொரு பங்குக்குள், இமை மூடும், கழுத்து உள்ளே இழுபடும். மூளை யோசிக்க முன்னமே முடிந்துவிடுகிற இந்த அனிச்சைச் செயல், அதே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் மங்கிப் போகும். மூன்றாம் தடவை வந்த சிரிப்புக்குக் காரணம் அதுதான். இப்போது அதே பிள்ளையிடம், இருட்டின பிறகு, "கிணற்றடியில் வாளி கிடக்கு, எடுத்துக்கொண்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். அங்கே ஒருவரும் கத்தவில்லை, ஒன்றும் அசையவில்லை. ஆனாலும் குசினிப் படியில் இறங்க முன்னம் அது ஒருக்கால் நிற்கும். நீங்கள் செய்ய வேண்டியது அந்த நிற்பைத்தான்.

அந்த நிற்புக்குள் மூன்று விஷயம் இருக்கிறது. போயே ஆகவேண்டும் என்ற தேவை, அங்கே என்ன இருக்கிறதென்று அரைகுறையாகத் தெரிவது, போகிற கால் தன்னுடைய காலாக இருப்பது. படம் பார்ப்பவருக்கு மூன்றாவது இல்லை. அவர் கண்ணைப் பொத்திக்கொண்டாலும் கதாநாயகி கதவைத் திறந்துவிடுவாள். கேமில் ஆள் தானே கையிலுள்ள கொன்ட்ரோலரின் ஸ்டிக்கைத் தள்ளாவிட்டால் கதவு திறக்காது. ஹொரர் கேமுக்கு இருக்கிற பெரிய பலம் இதுதான். உங்கள் ஒன்பது வெருட்டலும் அதைப் பயன்படுத்தவே இல்லை, ஏனென்றால் அவை எல்லாம் ஆள் முடிவெடுத்த பிறகு, அவருடைய முடிவோடு ஒரு தொடர்பும் இல்லாமல் நடக்கின்றன.

முதலில் தேவையைப் பார்ப்போம். 1996 இல் வந்த முதல் ரெசிடென்ட் ஈவில் கேமில், நாங்கள் தெரிவுசெய்து ஆடுகிற இரண்டு பாத்திரங்களில் கிறிஸ்ஸின் பையில் 6 இடம், ஜில்லின் பையில் 8. துவக்குக்கு ஒரு இடம், சன்னத்துக்கு ஒரு இடம், மருந்துச் செடிக்கு ஒரு இடம், திறப்புக்கு ஒரு இடம். சேவ் செய்யத் தட்டச்சு இயந்திரமும் மை நாடாவும் வேண்டும். நாடாவும் எண்ணிக்கையாகத்தான் கிடைக்கும், அதுவும் பையில் ஒரு இடத்தைப் பிடிக்கும். இன்றைக்குப் பார்த்தால் அதில் வரும் சொம்பிகள், அதாவது நடைப்பிணங்கள், மரக்கட்டைபோல மெதுவாக நடக்கின்றன. ஆனாலும் ஒடுக்கமான நடையில் ஒன்று நிற்கக் கண்டால் வயிறு கலங்கும். அதைக் கொல்ல முடியுமா என்பதல்ல அங்கே யோசனை. இதற்கு இத்தனை சன்னம் போனால் அடுத்த அறைக்கு என்ன மிஞ்சும் என்பதுதான். 2002 இல் அதே கேமைத் திருப்பிச் செய்தபோது இன்னொரு கொழுக்கியும் போட்டார்கள். விழுத்தின சொம்பியின் தலையைச் சிதைக்காமலோ மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்காமலோ விட்டால், அது பிறகு ஓடுகிற ஒன்றாக எழும்பும். மண்ணெண்ணெய் கொஞ்சம்தான். ஆகவே எதிரி செத்துக் கிடக்கிற நடையைக் கடக்கும்போதும் நிம்மதி இல்லை.

உங்கள் கேமில் ரோச் லைட் முடிவதே இல்லை. அதை எடுத்துவிட்டு நெருப்புப் பெட்டியைக் கொடுங்கள். ஒரு குச்சி 8 செக்கன் எரியட்டும், ஓடினால் அணையட்டும். குச்சி பிடித்த கையால் வேறு ஒன்றும் தூக்க முடியாமல் இருக்கட்டும். எத்தனை குச்சி வைப்பது என்பதைக் குத்துமதிப்பாக முடிவுசெய்யாதீர்கள். வழி தெரிந்த நீங்களே ஒருமுறை நிற்காமல் விளையாடி, வெளிச்சம் கட்டாயம் தேவைப்பட்ட நேரத்தை மட்டும் கூட்டுங்கள். 240 செக்கன் வந்தது என்று வைத்துக்கொள்வோம். புதிதாக விளையாடுகிறவருக்கு அதைப்போல இரண்டேகால் மடங்கு, அதாவது 540 செக்கன் தேவைப்படும். அதில் 65 வீதம் ஏறக்குறைய 350 செக்கன். 8 ஆல் பிரித்தால் 44 குச்சி. தொடக்கத்தில் பெட்டிக்குள் 10 குச்சியை மட்டும் வைத்து, மிச்சத்தை அலுமாரி, சாமியறைத் தட்டு, குசினி மாடம் என்று மூன்று நான்காகப் பிரித்துப் போடுங்கள். பெட்டியைக் குலுக்கினால் எத்தனை மிச்சம் என்று சத்தத்தில் விளங்க வேண்டும். திரையில் எண் காட்ட வேண்டாம். ஓர் எச்சரிக்கை: குச்சி முற்றாக முடிந்து ஆள் ஒரு மூலையில் அகப்பட்டால் பயம் ஆத்திரமாக மாறும், கேமை மூடிவிடுவார். ஆகவே பெட்டியில் 2க்குக் குறைந்தால், அடுத்து எந்த லாச்சியைத் திறந்தாலும் 3 குச்சி இருக்கும்படி ஒளிவாக ஒரு விதி எழுதிவைக்க வேண்டும். முடிவில் கையில் மிஞ்சுவதைப் பதிந்து பாருங்கள். 6க்குள் நின்றால் கணக்குச் சரி. பலரிடம் 15, 20 மிஞ்சினால் குறையுங்கள்.

அடுத்தது அந்த வீடு. நாற்சார் வீட்டை நீங்கள் வெறும் காட்சிக்காகப் பாவிக்கிறீர்கள் போலத் தெரிகிறது. அது வீண். ஹொரர் கேமுக்கு அதைவிடப் பொருத்தமான வீடு கிடைப்பது அரிது. நடு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் விறாந்தை. இந்தப் பக்கத் தூணடியில் நின்றால் முற்றத்துக்கு அங்கால் எதிர் விறாந்தையில் என்ன நிற்கிறதென்று தெரியும். ஆனால் முற்றத்தில் இறங்க விடாமல், ஓடு சரிந்து கிடக்கிறது என்றோ முள் வளர்ந்து கிடக்கிறது என்றோ ஒரு தடை போட்டால், அங்கே போவதற்கு இரண்டு பக்கம் சுற்ற வேண்டும். முற்றம் 6 மீற்றர் சதுரம் என்றால் விறாந்தை வழியாக ஏறக்குறைய 14 மீற்றர். நடக்கும் வேகம் செக்கனுக்கு 1.8 மீற்றர் என்றால் 8 செக்கன். அந்த 8 செக்கனில் ஒவ்வொரு தூணும் பார்வையை வெட்டி வெட்டி விடும். கண்டது அங்கேயே நிற்கிறதா, நகர்ந்துவிட்டதா என்று ஆள் ஒவ்வொரு தூண் இடைவெளியிலும் திரும்பிப் பார்ப்பார். நீங்கள் ஒரு அனிமேஷனும் செய்யத் தேவையில்லை.

இதை மூன்று தடவையாகக் கட்டுங்கள். முதல் தடவை எதிர் விறாந்தையில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது. சுற்றிப் போய்ப் பார்த்தால் கொடியில் காயப்போட்ட வேட்டி. காற்றுக்கு அசைகிறது, அவ்வளவுதான். இரண்டாம் தடவை அதே இடத்தில் அதே வெள்ளை. ஆள் இப்போது கவனிக்காமல் கடந்து போவார், போகட்டும். மூன்றாம் தடவை அவர் கொடிக்குப் பக்கத்து அறையிலிருந்து வெளியே வருகிறார். வேட்டி கீழே விழுந்து கிடக்கிறது. ஆனால் முற்றத்துக்கு அங்கால், தான் இதற்கு முதல் நின்று பார்த்த தூணடியில், ஒரு வெள்ளை. இதற்குச் சத்தம் போடாதீர்கள், இசை போடாதீர்கள், கமராவைத் திருப்பிக் காட்டாதீர்கள். காணாமல் போகிறவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகக் கத்தவைத்தால் கண்டவர்களுக்குக் கெடுத்துவிடுவீர்கள். 2014 இல் வந்த பி.டி. என்ற சின்னக் கேம் ஒரே ஒரு வளைந்த நடையை வைத்து, அதையே திரும்பத் திரும்ப நடக்கவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சத்தை மாற்றியது. இடம் பழகின பிறகுதான் மாற்றம் உறைக்கும். ஆகவே முதல் 5 நிமிடமாவது வீட்டைப் பழகவிடுங்கள், முடிந்தால் பின்னேர வெளிச்சத்தில்.

சத்தத்தில்தான் நிறைய வேலை இருக்கிறது, உங்கள் கேமில் மிகக் குறைவாகச் செய்திருப்பதும் அதில்தான். 1999 இல் வந்த சைலன்ட் ஹில் என்ற கேமில் கையில் ஒரு சின்ன ரேடியோ. பிசாசு கிட்ட வந்தால் அது இரையும். பழைய பிளேஸ்டேஷனால் தூரத்தை வரைந்து காட்ட முடியாததை மறைக்கப் போட்ட மூடுபனிக்குள், எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஏதோ வருகிறது என்று மட்டும் தெரியும். அந்த அரைகுறைத் தெரிவுதான் வேண்டியது. ஒன்றும் தெரியாதவன் பயப்பிடமாட்டான், எல்லாம் தெரிந்தவனும் பயப்பிடமாட்டான்.

உங்கள் வீட்டுக்கு ரேடியோ வேண்டாம், பூச்சிச் சத்தம் இருக்கிறது. இரவுக்குச் சில்வண்டு இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கட்டும். உரு 12 மீற்றருக்குள் வந்தால் அந்த இரைச்சல் 3 செக்கனில் மெல்லக் கரைந்து நிற்கட்டும். இதை எங்கும் விளக்காதீர்கள். இரண்டு மூன்று தடவையில் காது தானாகப் படித்துவிடும். பிறகு பூச்சி அடங்கினாலே ஆள் குச்சியை அணைத்துவிட்டு நிற்பார். ஒன்றும் வராமல் பூச்சியை அடக்கி ஏமாற்ற ஆசை வரும். முழுக் கேமிலும் ஒரே ஒரு தடவை செய்யலாம். அதற்கு மேல் போனால் அந்த அடையாளத்தை ஒருவரும் நம்பமாட்டார்கள். இதுபோல, பின்வளவுப் பனையிலிருந்து காவோலை விழுகிற சத்தமும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு உரசல், பிறகு நிலத்தில் ஒரு அடி. சரியான இடைவெளியில் விழுத்தாதீர்கள். 70 செக்கனுக்கும் 200 செக்கனுக்கும் இடையில் கண்டபடி விழட்டும். அதே உரசல் சத்தம் பிறகு ஒருநேரம் வீட்டுக்குள்ளே கேட்டால், அடி விழவில்லை என்றால், அது போதும்.

யுனிட்டியில் எல்லாரும் விடுகிற பிழைகள் சில. சத்தம் போடுகிற ஓடியோ சோர்ஸில், சத்தம் வரும் திசையைக் காட்டுகிற ஸ்பேஷியல் பிளெண்ட் இயல்பாக 0 இல் இருக்கும், அதை 1 ஆக்காவிட்டால் காலடி எந்தப் பக்கம் என்றே தெரியாது. மக்ஸ் டிஸ்டன்ஸ் இயல்பாக 500, தூரம் கூடக் கூடச் சத்தம் எப்படிக் குறையும் என்பதைச் சொல்லும் ரோல்ஓப் லொகரித்மிக். அப்படியே விட்டால் வீட்டின் எந்த மூலையில் நின்றாலும் காலடி கேட்டுக்கொண்டே இருக்கும். ரோல்ஓப்பைக் கஸ்டம் ஆக்கி 20 மீற்றரில் சுழியாக்குங்கள். யுனிட்டி தானாகச் சுவரைக் கணக்கில் எடுக்காது. உருவிலிருந்து ஆளுக்கு ஒரு ரேகாஸ்ட், அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒரு நேர்கோடு விட்டு, நடுவில் சுவர் இருந்தால், கூர்மையான சத்தத்தை வெட்டிவிடுகிற லோ பாஸ் பில்டரை 800 ஹேர்ட்ஸ் அளவுக்கு இறக்குங்கள், கதவு திறந்தால் ஏற்றுங்கள். இறக்கி ஏற்றுவது கால் செக்கனாவது எடுக்கட்டும், பட்டென்று மாற்றினால் டிக் என்று கேட்கும். சுவருக்கு அங்கால் மந்தமாகக் கேட்ட காலடி திடீரென்று தெளிவாகக் கேட்டால், ஏதோ ஒரு கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஆள் பார்க்காமலே அதை விளங்கிக்கொள்வார்.

ஆளுடைய சொந்தக் காலடியைப் போதிய சத்தமாக வையுங்கள், விறாந்தைச் சீமெந்தில் ஒரு விதம், மணலில் ஒரு விதம். நடக்கும்போது மற்றது கேட்கக் கூடாது. அப்படியென்றால் கேட்க வேண்டுமானால் நிற்க வேண்டும். மேலே சொன்ன அந்த நிற்பு இப்படித்தான் தானாக வரும். பொதுச் சத்தம் முழுவதும் உச்சத்திலிருந்து 20 டெசிபெல் கீழே இருக்கட்டும். எல்லாவற்றையும் உரப்பாக்கினால் உரப்பான சத்தத்துக்கு ஒரு பெறுமதியும் இல்லை. ஆழ்ந்த உறுமல் சத்தத்தை நம்பி இருக்காதீர்கள். போன், மடிக்கணினி ஸ்பீக்கர்களில் 150 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் உருப்படியாக வராது. மலிவான ஹெட்போனில் கேட்டுச் சரிபாருங்கள், விளையாடுபவர் பாவிக்கப்போவது அதைத்தான்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு சொல். முழுக் கறுப்புத் திரை பயமில்லை, வெறும் எரிச்சல். குச்சி அணைந்தாலும் கதவு நிலையின் கோடும் முற்றத்து நிலவின் விளிம்பும் தெரிய வேண்டும்.

உரு எப்படி நடமாடுவது என்பதற்கு, 2014 இல் வந்த ஏலியன் ஐசொலேஷன் என்ற கேமின் அமைப்பைவிட நல்ல பாடம் இல்லை. அதில் மூளை இரண்டு. ஒன்றுக்கு ஆள் எங்கே நிற்கிறார் என்று எப்போதும் தெரியும், ஆனால் அது, ஆளைத் தேடித் திரிகிற ஏலியனுக்கு இந்தப் பக்கம் போ என்று பொதுவாக மட்டும் சொல்லும். மற்றது ஏலியனுடையது, அதற்குத் தன் கண்ணும் காதும்தான். ஆள் நெடுநேரம் நெருக்கடியில் இருந்தால் ஒரு அளவுகோல் நிரம்பி, முதல் மூளை ஏலியனைத் தூரத்துக்கு விலக்கிவிடும். நீங்களும் இரண்டு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். ஒன்று 25 செக்கனுக்கு ஒருமுறை, ஆள் இருக்கும் இடத்திலிருந்து 8 மீற்றர் வட்டத்துக்குள் ஏதாவது ஒரு புள்ளியை உருவுக்குக் கொடுக்கட்டும். உரு அங்கே நடந்து போய்த் தேடட்டும். நெருக்கம் கூடக் கூட ஒரு எண் ஏறட்டும். நிரம்பினால் உருவைக் கிணற்றடிக்கு அனுப்பி 60 முதல் 90 செக்கன் திரும்ப விடாதீர்கள். அந்த இளைப்பாறல் இல்லாவிட்டால் பதினைந்து நிமிடத்தில் ஆள் மரத்துப் போவார். வேகம்: ஆள் நடந்தால் 1.8, ஓடினால் 3.5, உரு துரத்தினால் 3.2. ஓடித் தப்பலாம், ஆனால் ஓடினால் சத்தம், குச்சியும் அணையும், ஒரு கதவைத் திறக்க ஒன்றரைச் செக்கன் போகும். பூட்டின அறைக்குள், ஆள் சற்றுமுன் வெறுமையாகப் பார்த்த மூலையில், உருவை ஒருநாளும் தோற்றுவிக்காதீர்கள். நடந்து வர முடியாத இடத்தில் அது வந்தால் இது கள்ள விளையாட்டு என்று விளங்கிவிடும், பிறகு எந்தச் சத்தத்தையும் ஆள் காது கொடுத்துக் கேட்கமாட்டார்.

உருவைக் காட்டாமலே நடத்தவும் முடியும். 2010 இல் வந்த அம்னீசியா என்ற கேமில் வெள்ளம் நிறைந்த நிலவறை ஒன்று. அதிலிருப்பதைக் கண்ணால் காண முடியாது. தண்ணீரில் தெறிப்பு மட்டும் உங்களை நோக்கி வரும், நீங்கள் பெட்டிக்குப் பெட்டி தாவிப் போகவேண்டும். ஒரு உருவமும் வரையாமல், தண்ணீர்த் தெறிப்பு ஒன்றை வைத்துச் செய்த வேலை.

சாவு கேமில் மலிவாகிவிடக் கூடாது. முதல் தடவை அகப்படும்வரைதான் அகப்பட்டால் என்ன நடக்கும் என்பது இருட்டில் இருக்கும். ஒரே இடத்தில் மூன்று தடவை செத்தால் அந்த இடம் பயமான இடமல்ல, மனப்பாடம் செய்யவேண்டிய பாடம். அதனால் முதல் பிடிக்குக் கொல்லாதீர்கள். குச்சிப் பெட்டியைப் பறித்துக்கொண்டு போகட்டும், ஆள் வேறொரு அறையில் விழித்தெழும்பட்டும். சேவ் இடங்களுக்கு இடையில் 5 முதல் 7 நிமிடம். 2 நிமிடமென்றால் இழக்க ஒன்றுமில்லை, 15 என்றால் திரும்ப நடக்கப் பொறுமை இருக்காது.

இத்தனையும் செய்த பிறகு உங்கள் ஒன்பது வெருட்டலில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே பயந்திருக்கிற உடம்பு அதே சத்தத்துக்குக் கூடுதலாகத் துள்ளும். ஆகவே அது கேமின் பிற்பாதியில், பூச்சி அடங்கி, ஆள் நின்று கேட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில் வரட்டும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. இங்கே குடியில்லாத வீடு என்பது கற்பனைப் பொருள் அல்ல. போர்க்காலத்தில், 1995 இடப்பெயர்வில் பூட்டிவிட்டுப் போய், திரும்பி வந்து பார்த்தபோது சுவர் மட்டும் நின்ற வீடுகள் எத்தனையோ. உங்கள் சுவரில் சன்ன ஓட்டை வரையாதீர்கள், செல் கூவுகிற சத்தத்தையும் கெலிகொப்டர் சத்தத்தையும் பின்னணிக்குப் போடாதீர்கள். அந்தச் சத்தங்களுக்கு நிலத்தில் விழுந்து படுத்துப் பழகின உடம்புகள் இன்னும் எங்களோடு இருக்கின்றன. கேமில் வரும் பயத்தை ஆள் தானே தேடி வருகிறார், நிறுத்த நினைத்தால் நிறுத்தலாம். போரில் வந்த பயம் அப்படி வந்ததல்ல. வீடு ஏன் வெறுமையானது என்பதற்குக் கதை வேண்டுமென்றால், சொத்துப் பிணக்கு, பிள்ளைகள் வெளிநாடு, கிணற்றில் நடந்த ஒரு சாவு என்று எத்தனையோ இருக்கிறது.

சோதிக்கும்போது ஆளுடைய முகத்தைப் பார்க்காதீர்கள், திரையையும் கையையும் பதிந்துகொள்ளுங்கள். அறையில் நீங்கள் இருக்கக் கூடாது. நாலு பேர் சுற்றி நின்று பார்த்தால் ஒருவரும் பயப்பிடமாட்டார்கள். பயந்தீர்களா என்றும் கேட்காதீர்கள், மரியாதைக்கு ஓம் என்பார்கள். பதிவை ஓடவிட்டு, ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் ஆள் எத்தனை செக்கன் நின்றார் என்று எண்ணி ஒரு கொப்பியில் எழுதுங்கள். எட்டுப் பேரிடம் எடுத்தால் போதும். ஒரு செக்கனுக்குக் குறைவாக நின்ற கதவுக்கு அங்கால் என்ன இருக்கிறதென்று அவருக்கு முழுதாகத் தெரிந்துவிட்டது, அல்லது ஒன்றுமே தெரியவில்லை. அங்கே உருவை வைக்காமல், ஒரு சத்தத்தைக் கூட்டியோ குறைத்தோ திரும்பச் சோதியுங்கள். பத்துச் செக்கனுக்கு மேல் நின்றால் வழி விளங்காமல் நிற்கிறாரா என்று பாருங்கள். கமரா அங்குமிங்கும் சுற்றினால் அவருக்கு வழி தெரியவில்லை. கமரா அசையாமல், காலும் அசையாமல், கதவை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றால் அந்தக் கதவில் கை வைக்காதீர்கள்.